கழல மறுத்த நட்டு

அந்த நட்டு அன்றைக்கே கழன்றிருந்தால் பொழுது சாய்வதற்குள் மலையைவிட்டு இறங்கியிருப்போம். சாலையில் மரங்கள் விழுவதற்கு முன்பே கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்திருப்போம். என் மகள் என் அக்காவின் இடுப்பிலிருந்து என்னிடம் தாவியிருப்பாள். ஆனால் என் கணவரோடு நான் வாழ்ந்த அந்தச் சில நாட்கள் எனக்குக் கிடைத்திருக்காது. இரண்டில் எது வேண்டும் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் மகளைச் சொல்லியிருப்பேன். இன்று கேட்டால் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும்.

அவர் வாடகைக் கார் ஓட்டினார். பழைய டீசல் அம்பாசடர். கல்யாண முகூர்த்தம் என்றால் மணலூர்பேட்டை, கரும்பு அரவை தொடங்கிவிட்டால் மூங்கில்துறைப்பட்டு, யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாமல் போனால் பாண்டிச்சேரி என்று வண்டி நின்ற நேரம் குறைவு. வீட்டுக்கு வந்தால் தூங்குவார். சோற்றில் கை வைத்திருக்கும்போதே கார் ஸ்டாண்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கும். "இதோ வந்துட்டேன்" என்று கையைக் கழுவிவிடுவார். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தத்தை வைத்தே அவர் என்ன மனநிலையில் வருகிறார் என்று சொல்லிவிடுவேன். ஆனால் பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தை நின்று நிதானமாகப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. கல்யாணமாகி, பெண் பிறந்து, அவள் நடக்கத் தொடங்கிய பிறகும் அப்படித்தான்.

அது இடஒதுக்கீட்டுக்காக எங்கள் மாவட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். நைனார்பாளையத்தில் இருந்த என் தம்பி படிப்பை முடித்துவிட்டு வேலைக்காக அலைந்து அலைந்து, பிறகு கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தான். ஒருநாள் சைக்கிளில் வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னான்.

"யக்கா, இந்த வாரத்துல எப்ப வேணா மறியல் ஆரம்பிச்சிடும். ஒரு வண்டியும் போவாது. மாமாவ வெளியூரு சவாரி எடுக்க வாணாம்னு சொல்லு."

அவர் வந்ததும் தம்பியை வைத்துக்கொண்டே சொன்னேன். "நீங்க ஆரம்பிக்கறதுக்குள்ள நான் ஒரு சவாரி போய்ட்டு வந்துடுவேன் மச்சான்" என்று தம்பியைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் காலை, கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்த ஓர் ஆள் ஸ்டாண்டில் வந்து நின்றார். அவர் மனைவிக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. பஸ்ஸில் மலை ஏற அந்தப் பெண்ணால் முடியாது. காரில் கொண்டுபோய் விட வேண்டும். என் கணவர் ஸ்டாண்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார்.

"நீயும் வாயேன். பச்ச ஒடம்புக்காரி, பக்கத்துல ஒரு பொம்பள இருந்தா நல்லாருக்கும். மலையப் பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்த இல்ல?"

அப்படி அவர் என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. பக்கத்து வீட்டில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மகளை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். "பாப்பாவுக்குச் சளி புடிச்சிருக்குது, மலக் காத்து ஆவாது. நான் பாத்துக்கறேன், போய்ட்டு வா. பொழுதோட வந்துடு." மகள் அப்போது இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. கிளம்பும்முன் அவளுக்குப் பால் கொடுத்துவிட்டு, புதுப்புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது நான் பின்சீட்டில் அந்தப் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருந்தேன். என்னைவிடச் சின்னவள். உடம்பு கொதித்தது. குழந்தை அவள் கணவரின் மடியில், துண்டுக்குள் ஒரு கை நீளம் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் கீழே வயல்கள் சின்னதாகிக்கொண்டே போயின. கண்ணாடியில் என் கணவரின் கண்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு மூன்று முறை அவை என்னைப் பார்த்தன. "எப்பிடி?" என்று கேட்பதைப்போல.

வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே, சாமை விளைந்து நின்ற கொல்லைகளுக்கு நடுவே ஏழெட்டு வீடுகள். அங்கே அவர்களை இறக்கிவிட்டோம். கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கிளம்பும்போது நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்காருவது அதுதான் முதல் தடவை. "நெறைய பேரு இந்த சீட்டுல ஒக்காந்துட்டாங்க, நீதான் பாக்கி" என்றார். நான் சிரித்து முடிப்பதற்குள் வண்டியின் முன்பக்கம் கீச்சென்று அலறியது. பிறகு ரப்பர் கருகும் நாற்றம்.

இறங்கி பானெட்டைத் தூக்கினார். குனிந்து பார்த்துவிட்டு, "டைனமோ புடிச்சிக்கிச்சி" என்றார்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்டு கொடுக்கும் உருண்டையான பாகம் அது. அதன் சரியான பெயர் ஆல்டர்னேட்டர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. ஸ்டாண்டில் எல்லாருக்கும் அது டைனமோதான். உள்ளே பேரிங் நொறுங்கி, நடுவில் சுற்றும் தண்டு இறுகிவிட்டது. அதைச் சுழற்றும் பெல்ட்டே ரேடியேட்டர் தண்ணீரையும் சுற்றவைக்க வேண்டும். பெல்ட் கருகிவிட்டதால் வண்டியை ஓட்டினால் இன்ஜின் கொதித்துவிடும். டிக்கியில் வேறொரு பெல்ட் இருந்தது. ஆனால் டைனமோ சுற்றாமல் அதை மாட்டினால் அதுவும் கருகும். பேரிங்கை மாற்றியாக வேண்டும். பேரிங்கை எடுக்க, முன்னால் உள்ள புல்லியைக் கழற்ற வேண்டும். பெல்ட் ஓடும் பள்ளம் வைத்த சின்ன இரும்புச் சக்கரம் அது. அந்தப் புல்லியை ஒரே ஒரு நட்டு பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குழந்தையின் அப்பாவும் அக்கம்பக்கத்தினரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். என் கணவர் டைனமோவைக் கழற்றி, மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் வைத்தார். ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். நட்டு அசையவில்லை. பட்டறையில் என்றால் வைஸில் வைத்து இறுக்கிக் கழற்றிவிடலாம். இங்கே எதில் இறுக்குவது? காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு அழுத்தினால், சிலசமயம் தண்டு இறுகி நின்று ஸ்பேனர் வழுக்கியது. சிலசமயம் நொறுங்கிய பேரிங் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நட்டோடு சேர்ந்து புல்லியும் தண்டும் மொத்தமாகச் சுற்றின. எத்தனை பலம் கொடுத்தாலும் பலம் நட்டுக்குப் போய்ச் சேரவில்லை. துரு வேறு. மண்ணெண்ணெய் ஊற்றினார். மேலே ஒரு துணியைப் போட்டு ஊறவைத்தார். வெளிச்சம் போய்விட்டது.

"காலையில கழண்டுடும்" என்றார்.

காலையில் கழலவில்லை. அதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. கடுக்காய் மூட்டையோடு கச்சிராயபாளையம் போனவர் பாதி வழியிலேயே திரும்பி வந்திருந்தார்.

"கீழ ஒரு வண்டியும் ஓடலீங்க. புளியமரத்தையெல்லாம் வெட்டி ரோட்டுக்குக் குறுக்கப் போட்டுட்டாங்க. போலீசு வேற வந்துக்கினே இருக்குதாம். அடிதடி, துப்பாக்கிச் சூடுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"நடந்தே போயிடலாங்க" என்றேன்.

"ஒன்ன இழுத்துக்கினு அந்தக் கூட்டத்துக்குள்ளயா?"

"எம் புள்ள அழுதுக்கினு இருக்குங்க."

அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "வண்டி ஓடினா அணை வரைக்கும் எறங்கிடலாம். அங்கேர்ந்து கரும்புக் கொல்ல வழியா எப்பிடியாச்சும் புகுந்து கூட்டிக்கினு போயிடுவேன். இந்த நட்டு மட்டும் கழலட்டும்."

அதற்குப் பிறகு அந்த நட்டை நான் ஒரு மனுஷியை வெறுப்பதைப்போல வெறுத்தேன். எனக்கும் என் மகளுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. அவர் சாப்பிட எழுந்தால்கூட நான் போய் அதன் முன்னால் உட்கார்ந்து ஸ்பேனரை மாட்டி அழுத்திப் பார்ப்பேன். ஏதோ பெண் கைக்கு அது மனம் இரங்கும் என்பதைப்போல.

மதியத்துக்குள் மார்பு கல்லாகிவிட்டது. பால் கட்டிக்கொண்டு, கையைத் தூக்க முடியவில்லை. ஜாக்கெட் நனைந்து காய்ந்து மறுபடியும் நனைந்தது. வீட்டுப் பின்பக்கம் போய், வேலிப்பக்கமாகத் திரும்பி நின்று பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். ஒவ்வொரு சொட்டு விழும்போதும் மகள் வாயைச் சப்புக்கொட்டும் சத்தம் காதில் கேட்டது. சத்தம் போட்டு அழுதேன். உள்ளிருந்து அந்தக் குழந்தையும் அழுதுகொண்டிருந்தது. காய்ச்சலில் கிடந்த அதன் தாய்க்கு இன்னும் பால் சரியாகச் சுரக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே வந்தபோது அவள் பாயில் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். என் ஜாக்கெட்டைப் பார்த்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவளே குழந்தையை மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துக்கங்க அக்கா. ரெண்டு பேரும் எதுக்கு அழுவணும்?"

என் மகள் ஒரே இழுப்பில் குடிப்பவள். இவன் சிட்டுக்குருவி மாதிரி, ரெண்டு வாய் குடித்து மூச்சு வாங்கினான். வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவன் தலையில் மகளின் தலை வாசனையைத் தேடினேன். அது இல்லை, புகையும் விளக்கெண்ணெயும் கலந்த வேறொரு வாசனை. ஆனாலும் மூக்கை எடுக்கவில்லை. பாயில் படுத்திருந்தவள் ஒரு கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை தூங்கும்வரை அப்படியே பிடித்திருந்தாள்.

நாட்கள் ஓடின. ரேடியோவில் சொல்வதைக் கேட்டுவிட்டு யாராவது வந்து சொல்வார்கள். இன்னும் முடியவில்லை என்றுதான் ஒவ்வொரு நாளும் செய்தி. குழந்தைக்குப் பால் கொடுத்த நேரம் போக, நான் கொட்டகைக்கு முன்னால் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவருக்கு ஓட்ட வண்டி இல்லை. வந்து கூப்பிட ஆள் இல்லை. சாமைச்சோறு வந்தால் பாதியில் கையைக் கழுவ வேண்டிய அவசரம் இல்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து அவர் நிதானமாகச் சாப்பிடுவதைப் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதைப் பார்த்தேன். லாரியில் கிளீனராக இருந்த காலத்தில் தினமும் டயருக்கு அடியில் படுத்துத் தூங்கியதைச் சொன்னார். கிணற்றை எட்டிப் பார்க்கப் பயம் என்றார். அவ்வளவு பெரிய ஆளுக்குக் கிணறு பயம் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் சாமைக்கொல்லையில் ஆடு புகுந்தபோது நான் நாக்கை மடித்து விசில் அடித்தேன். அவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"விசில் அடிப்பியா நீ?"

"சின்னதுலேருந்து அடிப்பேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க எப்ப வூட்டுல இருந்தீங்க சொல்றதுக்கு?"

இன்னொரு தடவை அடி என்றார். அடித்தேன். பனி இறங்கிய கொல்லையில் எங்கேயோ மோதி அது திரும்பி வந்தது. அவர் சிரித்த சிரிப்பை நான் அதுவரை வீட்டில் கேட்டதில்லை. அடுத்த கணமே மகள் ஞாபகம் வந்துவிட்டது. அந்த நாட்கள் முழுக்க அப்படித்தான். ஒரு கண்ணில் அவர், ஒரு கண்ணில் மகள். ஒன்றைத் துடைத்தால் இன்னொன்று நிறைந்துவிடும்.

நட்டு அடம் பிடிக்கப் பிடிக்க அவர் புதிது புதிதாக ஏதாவது யோசித்தார். ஸ்பேனர் வழுக்கி வலது கை முட்டிகளில் தோல் உரிந்து வீங்கிவிட்டது. கடைசியில், கருகிப்போன பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகிவிட்டது. அதைப் புல்லியின் பள்ளத்தில் சுற்றி, மீதியைக் கொட்டகையின் கம்பத்தோடு சேர்த்து மாட்டி, நடுவில் ஒரு கட்டையைச் செருகி முறுக்கினார். முறுக்க முறுக்க பெல்ட் புல்லியைக் கவ்விக்கொண்டது. இப்போது நட்டைத் திருப்பினால் புல்லி கூடவே சுற்றாது. ஆனால் துரு?

"சூடு காட்டணும்" என்றார் என் கணவர். "நட்டு மட்டும் சூடாவணும். அப்ப அது கொஞ்சம் விரிஞ்சிக் குடுக்கும்."

அடுப்பில் டைனமோவைப் போட முடியுமா? நான்தான் கலப்பையைக் காட்டினேன். அதன் நுனியில் இருந்த இரும்புக் கொழுவைக் குழந்தையின் அப்பா தட்டிக் கழற்றிக் கொடுத்தார். அடுப்பில் வைத்து அது சிவக்கும்வரை ஊதினேன். கிடுக்கியால் எடுத்துவந்து என் கணவர் நட்டின்மேல் அழுத்திப் பிடித்தார். மண்ணெண்ணெய் புகைந்தது. மறுபடி அடுப்பு, மறுபடி நட்டு. பிறகு ஸ்பேனரை மாட்டினார். வீங்கிய கையால் அவரால் ஓங்கி அடிக்க முடியவில்லை.

"நான் புடிச்சிக்கறேன். நீ அடி. அழுத்தாத. வெடுக்குன்னு ஒரே அடி."

"ஒங்க கையில பட்டுட்டா?"

"பட்டா பரவால்ல. ஒம் புள்ளய நெனச்சிக்கினு அடி."

சுத்தியலை எடுத்தேன். முதல் அடிக்கு ஒன்றுமில்லை. அடுத்த அடிக்கும் ஒன்றுமில்லை. அதற்கப்புறம் எண்ணவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். திடீரென்று 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். ஸ்பேனர் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வியர்வையும் கரியும் அப்பிய முகம். நான் "வந்துட்டுச்சி" என்று கத்தினேன். மகளைத் தூக்கிவிட்டதைப்போல உடம்பு லேசானது. உடனே, ஏன் என்று தெரியாமல், நாங்கள் உட்கார்ந்திருந்த அந்தச் சாக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவர் விரலாலேயே நட்டைச் சுற்றிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.

பேரிங்குக்காக வெள்ளிமலை வரை நடந்து போனார். அங்கே மாவு மில்லில் ஓடாமல் கிடந்த மோட்டாரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அளவு ஒத்துப்போனது எங்கள் அதிர்ஷ்டம். திரும்பி வந்து மாட்டி, டிக்கியில் இருந்த பெல்ட்டைப் போட்டு, வண்டியைக் கிளப்பினார். சத்தமில்லாமல் சுற்றியது.

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பாலும் வரத் தொடங்கியிருந்தது. கிளம்பும்போது குழந்தையை என்னிடம் கொடுத்து, "இவனுக்கு நீங்களே ஒரு பேரு வச்சிட்டுப் போங்க" என்றாள். அவன் காதில் ஒரு பெயரைச் சொன்னேன். எங்களுக்கு ஒரு பையன் பிறந்தால் வைப்பதற்காக மனதில் வைத்திருந்த பெயர். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

கோமுகி அணையைத் தாண்டிக் கச்சிராயபாளையம் வரை வண்டி வந்தது. அதற்குமேல் சாலை இல்லை, மரம்தான் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் புளியமரங்கள். இலைகள் வாடித் தொங்கின. மரத்துக்கு அந்தப் பக்கம் கும்பலாகச் சிலர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டுக் கிளைகளுக்குள் நுழைந்து ஓடிவந்தான். என் தம்பி.

"யக்கா? நீ இன்னா இங்க?"

"எம் புள்ளயப் பாக்கணும்டா. வழிய விடுடா" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"நீ வூட்டுல இல்லியா? இத்தினி நாளா மலையிலயா இருந்த?" அவன் மரங்களைத் திரும்பிப் பார்த்தான். "நான் இந்த மரத்த வெட்டக்குள்ள நீ அந்தாண்ட இருக்கறன்னு எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

மரங்களை அப்போது யாராலும் நகர்த்த முடியாது. காரை ஒரு விவசாயியின் களத்தில் விட்டுவிட்டு மூன்று பேரும் நடந்தோம். தம்பி முன்னால் கரும்புச் சோகையை விலக்கிக்கொண்டே போனான். அவன் மேல் இருந்த கோபம் எனக்கு அடங்கவில்லை. அவன் குதிகாலில் வெடிப்பு விட்டு ரத்தம் காய்ந்திருந்ததையும் பார்த்தேன்.

"மரத்த வெட்டிட்டா வேல குடுத்துடுவாங்களாடா?" என்றேன்.

"எத்தினி வருஷம் கேட்டுக்கினே நின்னோம், யாராச்சும் திரும்பிப் பாத்தாங்களா? இப்ப பாக்கறாங்க இல்ல" என்றான் திரும்பாமல்.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது மகள் அவள் தோளில் இருந்தாள். நான் கையை நீட்டினேன். மகள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தை அக்காவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். கூப்பிட்டேன்; இன்னும் ஆழமாகப் புதைத்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ, முதுகில் ஒரு சின்னக் கை பட்டது. பின்னாலிருந்து வந்து, என் புடவையை மோந்து, சுற்றி வந்து மடியில் ஏறினாள். அழாமல், கோபமாக, ஒரே இழுப்பில் குடித்தாள்.

"பால் வத்திப்போயிருக்கும்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. மலையில் நான் பால் கொடுத்தவனைப் பற்றி அவளிடம் சொன்னேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தம்பியை அதே வாரம் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஜெயிலிலிருந்து மெலிந்து வந்தான். சில வருடம் கழித்து அரசாங்க வேலை கிடைத்தது. அந்தப் போராட்டம்தான் வாங்கிக் கொடுத்தது என்று இன்றும் சொல்வான். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

என் கணவர் அதற்குப் பிறகு வண்டி ஓட்டுவதில் பழைய ஆர்வம் காட்டவில்லை. அடுத்த வருடம் காரை விற்றுவிட்டார். டிரைவர் வேலைக்கு மஸ்கட் போனார். அங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார். நானும் மகளும் டேப் ரெக்கார்டரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்போம். "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல இடம் விட்டதைப்போலக் கொஞ்சம் நிறுத்துவார். நான் அந்த இடைவெளியில் "சாப்ட்டேன்" என்பேன். மகள் சிரிப்பாள். பின்னணியில் ஏதோ ஒரு வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். லீவில் வந்தால் உறவுக்காரர்கள், விசேஷங்கள், வீடு கட்டும் வேலை. பெட்டியைக் கட்டும்போதுதான் அவர் வந்ததே எனக்குத் தெரியும். தனியாக இருக்கும்போது நான் நினைத்துப் பார்ப்பதற்கு என்னிடம் இருந்தது மலைமேல் இருந்த அந்த நாட்கள்தான். சாக்கின்மேல் டைனமோ, எதிரில் அவர், எங்கேயும் போகாமல். அதைத் தொட்டுத் தொட்டே பல வருடங்களை ஓட்டினேன்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். இப்போது காலையில் டீ அவர்தான் போடுகிறார். நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் இரண்டு பேருமே தனியாக இருந்து பழகியவர்கள். ஒருவர் அறைக்குள் வந்தால் இன்னொருவர் எதற்கோ எழுந்துவிடுகிறோம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் கரண்டு போயிருந்தது. டிவி ஓடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன்.

"மலையில மாட்டிக்கினோமே, ஞாபகம் இருக்குதா?"

"மறக்குமா?" என்றார். "நீ அழுதுக்கினே இருந்த. வேலிப்பக்கம் திரும்பி நின்னு பாலப் பீய்ச்சிக்கினு அழுதியே, நான் கொட்டகையிலேருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். அன்னிக்கித்தான் முடிவு பண்ணேன். இந்தப் பழைய வண்டிய வச்சிக்கினு இனிமே ஒன்ன இப்பிடி நடுவழியில நிறுத்தக் கூடாதுன்னு. எங்கனா தூரமா போயாச்சும் சம்பாரிச்சு, ஒன்னையும் புள்ளையையும் ஒரே எடத்துல நல்லா வச்சிடணும்னு. அப்பறந்தான் மஸ்கட்டுக்கு ஆள் தேடினேன்."

நான் எந்த நாட்களை நினைத்து அவருக்காக ஏங்கிக்கொண்டிருந்தேனோ, அந்த நாட்களைப் பார்த்துத்தான் அவர் என்னைவிட்டுப் போயிருந்தார்.

"நான் அங்க சந்தோஷமா இருந்தேங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "அழுதியே?"

"அழுதேன். சந்தோஷமாவும் இருந்தேன். கல்யாணமானதுலேருந்து நீங்க எங்கூட இருந்தது அப்பத்தான்."

கரண்டு வந்து டிவி தானாகப் பேசத் தொடங்கியது. அவர் எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு, திரும்பி வந்து, வழக்கமான நாற்காலியில் உட்காராமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.